வருடப்பிறப்பின் மறுநாள் இரவுச் சாப்பாடு: எங்கள் குடும்பக் குழுவில் பேசிக்கொண்டவை

நான்: எல்லோருக்கும் வணக்கம். சித்திரை வருடப்பிறப்பின் மறுநாள் இரவு நாம் எல்லோரும் திருகோணமலையில் எங்கள் வீட்டில் கூடிச் சாப்பிட வேண்டுமென்று அம்மா விரும்புகிறார். வருடப்பிறப்பன்று மூலிகைகள் அவித்த மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகி, பொங்கி, கோணேசர் கோயிலுக்கும் காளி கோயிலுக்கும் போய்வந்து, பெரியவர்களிடம் கைவிசேடக் காசு வாங்குவதிலேயே பொழுது போய்விடும். அன்று நம் வீடுகளில் சைவமும்கூட. ஆகவே மறுநாள்தான் எல்லோருக்கும் வசதி. யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி வீட்டாரும் கொழும்பிலிருந்து தம்பி வீட்டாரும் வந்தால், சிறுவர்களோடு 25 பேருக்குக் குறையாது. என்ன சமைக்கலாம், யார் எதைச் செய்யலாம் என்பதை இங்கே எழுதுங்கள்.

தம்பி (கொழும்பு): அக்கா, நாங்கள் முதல்நாள் இரவு ரயிலில் ஏறினால் வருடப்பிறப்பன்று காலையில் வந்துவிடுவோம். 25 பேருக்கு வீட்டில் சமைப்பதென்றால் அம்மாவும் நீங்களும் நாள் முழுக்க அடுப்படியில் நிற்க வேண்டிவரும். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு இருக்கிறது. கடையில் பிரியாணி சொல்லிவிடலாம்; செலவை நான் ஏற்கிறேன்.

பெரியம்மா (உப்புவெளி): மகன், அம்மாவின் முழங்காலை நினைத்து நீ எழுதியது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் கடைப் பிரியாணி கொழும்பில் உனக்கு எந்த நாளும் கிடைக்கும். உன் பிள்ளைகள் இந்த ஊருக்கு வந்து, பனையோலை நீத்துப் பெட்டியில் அவித்த பிட்டின் வாசத்தையும் அதன்மேல் ஊற்றுகிற சொதியின் ருசியையும் அறியாமல் திரும்பிப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. வேலையை ஒருவர் தலையில் கட்டாமல் வீட்டுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டால் எவருக்கும் பாரமில்லை. பிட்டை நான் பொறுப்பேற்கிறேன். மீன், சைவக் கறிகள், சொதி, தயிர் என்று மற்றவற்றை நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

சித்தி (யாழ்ப்பாணம்): அக்கா, எங்கள் பக்கத்தில் இரவுக்கு இடியப்பமும் சொதியும்தான் பிள்ளைகளுக்குப் பிடித்தம். இடியப்பம் செய்தால் என்ன? உரலையும் தட்டுகளையும் நான் கொண்டுவருகிறேன்.

பெரியம்மா (உப்புவெளி): தங்கச்சி, ஐந்தாறு பேருக்கென்றால் நானும் இடியப்பம் என்றுதான் சொல்லியிருப்பேன். 25 பேருக்கு இடியப்பம் பிழிவதென்றால், ஒருவர் கை ஓயாமல் பிழிய, இன்னொருவர் தட்டு மாற்றிக்கொண்டே நிற்க வேண்டும். கடைசி ஈடு இறங்கும்போது முதல் ஈடு காய்ந்து விறைத்துப் போயிருக்கும். பிட்டு அப்படியில்லை. மாவைக் குழைத்துக் கொத்தி வைத்துவிட்டால், இரண்டு நீத்துப் பெட்டிகளில் மாறி மாறி அவித்துக்கொண்டே போகலாம். வாழையிலை விரித்த பானையில் கொட்டி மூடி வைத்தால் நெடுநேரம் சூடு ஆறாமல் மெத்தென்று இருக்கும். உன் இடியப்பத்தை மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்வோம்.

மாமி (தம்பலகாமம்): மச்சாள், பிட்டுக்கு வேண்டிய அரிசிமாவை நாங்கள் தருகிறோம். பெரும்போக நெல் வெட்டி முடிந்து வீட்டில் புதுநெல் இருக்கிறது. ஆனாலும் உங்களுக்குப் பழைய சிவப்பரிசியில்தான் மா இடித்துத் தரப்போகிறேன். புது அரிசி பொங்கலுக்கு நல்லது. பிட்டுக்கு அது ஒட்டிப் பிடித்துக் களியாகிவிடும் என்பது உங்களுக்கும் தெரியும். மாவை நன்றாக வறுத்து, ஆறவிட்டு, அரித்துத் தரட்டுமா?

பெரியம்மா (உப்புவெளி): அப்படியே செய்யுங்கள், மச்சாள். கோலம் போட எடுத்தால் இழை அறாமல் விழுகிற பதம் வரும்வரை வறுத்தால் போதும். அதற்குமேல் சிவந்தால் பிட்டில் கருகல் வாசம் வந்துவிடும். மற்றப் பிள்ளைகளும் அறிந்துகொள்ளட்டும் என்பதற்காகக் குழைக்கும் முறையையும் எழுதுகிறேன். உப்புப் போட்ட கொதிநீரைச் சற்று ஆறவிட்டு, மாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அகப்பைக் காம்பால் கிளற வேண்டும். ஒரே தடவையில் ஊற்றினால் மா கட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு கொத்தினாலும் உதிராது. கைக்குள் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம். அதன்பின் அரிசி அளக்கிற சுண்டின் விளிம்பால் குறுணியாகக் கொத்தி, தேங்காய்ப்பூவைக் கலந்து, பெட்டியில் அமுக்காமல் தளர்வாகப் போட வேண்டும். அமுக்கிப் போட்டால் ஆவி மேலேறாது. நடுவில் மா வேகாமல் வெள்ளையாகவே இருக்கும்.

மாமா (தம்பலகாமம்): மீனை நான் பார்த்துக்கொள்கிறேன், அக்கா. மார்கழி, தையில் வாடைக்காற்றுக்குக் கடல் கொந்தளிப்பதால் தைப்பொங்கல் நேரத்தில் நல்ல மீன் கிடைப்பது கடினம்; சித்திரையில் நம் கடல் அடங்கிவிடும், கரைவலையும் இழுப்பார்கள். அன்று விடியற்காலையில் திருக்கடலூர்க் கரைக்குப் போய் அறக்குளாவும் கணவாயும் வாங்கி வருகிறேன். அறக்குளா அகப்படாவிட்டால் பாரை எடுப்பேன். செவுளைத் தூக்கிப் பார்த்து, இரத்தச் சிவப்பாக இருந்தால் மட்டுமே வாங்குவேன். பெட்டியில் பனிக்கட்டி போட்ட பழைய மீனை என் தலையில் கட்ட ஒருவராலும் முடியாது. மீன்குழம்பைத் தேங்காய்ப்பால் விடாமல் புளிக்குழம்பாகவே வையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இந்த வெக்கையில் பால் விட்ட கறி மாலைக்குள் புளித்துவிடும். பழப்புளியும் வெந்தயமும் உள்ளியும் சேர்த்து மண்சட்டியில் மத்தியானமே வைத்து இறக்கினால், புளியும் உறைப்பும் மீன் துண்டுக்குள் இறங்கி, இரவில் அதன் ருசியே வேறாக இருக்கும்.

நான்: மாமா, மீன்குழம்பை நானே மத்தியானம் வைத்துவிடுகிறேன். கணவாயை யார் கறியாக்குவது? போன முறை ஓரிடத்தில் சாப்பிட்ட கணவாய் செருப்புத் தோல்போல இருந்தது. பிள்ளைகள் மென்று பார்த்துவிட்டுத் துப்பிவிட்டார்கள்.

மாமி (தம்பலகாமம்): அதை என்னிடம் விடு, பிள்ளை. கணவாயை ஒன்றில் இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் சிறு நெருப்பில் முக்கால் மணித்தியாலமாவது விட வேண்டும்; இரண்டுக்கும் இடையில் இறக்கினால்தான் அது இறப்பராகிறது. நான் மைப்பையைக் கிழியாமல் எடுத்து, ஓட்டையும் தோலையும் நீக்கி, வறுத்த கறித்தூள் போட்டு, அது விடுகிற நீரிலேயே மெதுவாக வேகவைத்துப் பிரட்டலாக்குவேன். கறிவேப்பிலையும் ரம்பையும் கடைசியில் தாளித்துக் கொட்டினால் போதும்.

சித்தி (யாழ்ப்பாணம்): என் மாமியார் சுத்த சைவம் என்பதை மறந்துவிட வேண்டாம். கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும் நான் உங்கள் வீட்டிலேயே வந்து செய்கிறேன். தயவுசெய்து சைவத்துக்கென்று சட்டியும் அகப்பையும் வேறாக எடுத்து வையுங்கள். மீன் வைத்த அகப்பையைத் தவறுதலாகப் போட்டுவிட்டால், அவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் சாப்பிடாமல் எழுந்துவிடுவார். சொதியை யாழ்ப்பாணத்திலேயே வைத்துக் கொண்டுவந்தால் உங்களுக்கு ஒரு வேலை குறையும் என்றும் யோசித்தேன்.

அம்மா: வேண்டாம், தங்கச்சி. பாற்சொதி பயணம் தாங்காது. பஸ்ஸின் வெக்கையில் புளித்துவிடும். அதை நான் கதிரையில் இருந்தபடியே செய்வேன். தேங்காய் துருவ மட்டும் ஒரு பிள்ளை உதவினால் போதும். வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாவற்றையும் இரண்டாம் பாலில் அவிய விட்டு வைப்பேன். எல்லோரும் கை கழுவிக்கொண்டு வரும்போதுதான் முதற்பாலை விட்டு, கொதிக்க விடாமல் துழாவி இறக்குவேன். தேசிக்காய்ப்புளியைச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் விட வேண்டும். அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும்.

தம்பி (கொழும்பு): அம்மாவே எழுதிய பிறகு நான் பிரியாணியைப் பற்றிப் பேசப்போவதில்லை. தேங்காய் துருவுவது என் வேலை. துருவலையை எடுத்து வையுங்கள். ஆனால் என் மகளுக்கு உறைப்பு சிறிதும் ஆகாது. அவளுக்கு என்ன கொடுப்பது?

பெரியம்மா (உப்புவெளி): பிட்டோடு எருமைத் தயிரும் வாழைப்பழமும் கித்துள் பாணியும் பிசைந்து கொடு, மகன், அதைவிட நல்ல சாப்பாடு ஒரு குழந்தைக்கு வேறு வேண்டுமா? 2009 ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அந்தத் தயிரைக் கொண்டுவர எவ்வளவு பாடு. துறையடியில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது காலையில் உறைந்த தயிர் மத்தியானத்துக்குள் நம் வீட்டில் இருக்கிறது. கிண்ணியாவிலோ மூதூரிலோ எடுத்தால் நல்லது. தயிர் உறைந்த மண்முட்டியைச் சரித்துப் பார்த்து, தண்ணீர் விட்டிருந்தால் வாங்க வேண்டாம்.

நான்: தயிரை நான் ஒழுங்கு செய்கிறேன், பெரியம்மா. ஐந்து முட்டி போதும் என்று நினைக்கிறேன். இன்னொரு விடயம்: நோன்புப் பெருநாளுக்கு நம் வீட்டுக்கு வட்டிலப்பம் அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கு, அன்று மாலை பயத்தம் பணியாரமும் முறுக்கும் ஒரு தட்டில் கொடுத்துவிட வேண்டும். பணியாரம் யார் வீட்டில் சுடுகிறார்கள்?

சித்தி (யாழ்ப்பாணம்): பணியாரமும் முறுக்கும் நாங்கள் இங்கிருந்தே கொண்டுவருகிறோம், அவை பயணத்துக்குக் கெடாது. பயறு வறுத்துத் திரிக்க நாளைக்கே கொடுக்கிறேன்.

மாமா (தம்பலகாமம்): மீனுக்கு முற்பணம் ஒன்றும் அனுப்ப வேண்டாம். கரையில் வலை ஏறியதும் என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை என்பதைப் படத்தோடு இங்கே போடுகிறேன். ஆறு மணிக்குள் பார்த்து, கணவாய் மூன்று கிலோ போதுமா, நான்கு வேண்டுமா என்பதை மட்டும் யாராவது ஒருவர் உடனே எழுதுங்கள்.

மாமி (தம்பலகாமம்): நான்கு கிலோவே எடுங்கள். வெந்தால் பாதியாகச் சுருங்கிவிடும்.