பின்னணியில் நின்ற நிலம் எப்போது தனி ஓவியமாயிற்று?

கலைமாணவி:
மறுமலர்ச்சிக் கால ஓவியங்களில் மலையும் ஆறும் மரியாளுக்கோ ஒரு புனிதருக்கோ பின்னால் நிற்கின்றன. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களுக்கு வந்தால் புனிதர் மறைந்து, மேகமும் மணல்மேடுமே படத்தை நிறைத்துவிடுகின்றன. ‘இயற்கையின்மீது எழுந்த ஆர்வம்’ என்று எங்கள் பாடக்குறிப்பு ஒரே வரியில் காரணம் சொல்லி நகர்ந்துவிடுகிறது. ஆனால் 1473 ஆகஸ்ட் 5 என்று தேதியிட்டு இத்தாலியின் ஆர்னோ ஆற்றுப் பள்ளத்தாக்கை வரைந்த லியொனார்டோவுக்கு அந்த ஆர்வம் இல்லையா? உண்மையில் மாறியது எது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தூரிகை:
லியொனார்டோவினுடையது தாளில் வரைந்த கோட்டுச் சித்திரம். விற்பனைக்கான ஓவியம் அன்று. மாற்றத்தின் தொடக்கத்தை இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆன்ட்வெர்ப் நகரில் தேடலாம். அங்கு வாழ்ந்த யோவாகிம் பாட்டினீரை 1521-இல் ஜெர்மன் ஓவியர் டியூரர் தம் நாட்குறிப்பில் ‘நல்ல நிலக்காட்சி ஓவியர்’ என்றே குறிப்பிடுகிறார்; அதாவது, அப்படியொரு தொழிற்பெயர் அப்போதே வழங்கியிருக்கிறது. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்திலுள்ள புனித அந்தோணியார் ஓவியத்தில் நிலத்தைப் பாட்டினீரும் மனித உருவங்களைக் குவென்டின் மாசைஸும் வரைந்தார்கள். வேலை இப்படிப் பிரிந்தபோதே நிலம் ஒருவருக்கு உரிய தனித்திறமையாகிவிட்டது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ஜெர்மனியில் அல்ட்டோர்ஃபர் ஒரு நடைபாலத்தையும் மரங்களையும் மட்டும் வரைந்தார்; அதில் ஒரு மனிதர்கூட இல்லை.

பழைய வாசகர்:
தூரிகை சொல்வது சரிதான். ஆனால் டச்சு நாட்டில் இது ஒரு பெருந்தொழிலாக வளர்ந்ததற்குக் காரணம் சந்தை. கால்வினியத் (சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவு) தேவாலயங்கள் படங்களை ஏற்காததால் பலிபீட ஓவியங்களுக்கான வேலை அங்கே அற்றுப்போக, ஓவியர்கள் முகம் தெரியாத வாங்குநருக்காக வரைந்து, கடையிலும் ஏலத்திலும் விற்கத் தொடங்கினார்கள். டச்சு நிலக்காட்சி ஓவியரான யான் வான் கோயென் பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை என்று மிகச் சில நிறங்களைக் கொண்டு, வண்ணம் உலருமுன்பே அதன்மேல் மீண்டும் தீட்டி, அடியிலுள்ள பலகையின் நிறமும் வெளித்தெரியும்படி விட்டு, விரைவாக வரைந்தார். விலை குறைந்ததால் நடுத்தரக் குடும்பங்களும் வாங்க முடிந்தது. அழகியல் என்று நாம் வியக்கும் அந்த மங்கலில் சிக்கனமும் கலந்திருக்கிறது. (ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்தவர், துலிப் வணிகத்திலும் நிலத்திலும் பணத்தை இழந்து 1656-இல் கடனோடு இறந்தார் என்பது வேறு கதை.)

மலைநீர்:
மேலே பேசப்படுவதெல்லாம் ஐரோப்பாவின் கதை மட்டுமே. சீனத்தில் குவோ ஷி என்ற ஓவியர் ‘இளவேனில்’ ஓவியத்தை 1072-இலேயே தீட்டிவிட்டார். மலையும் நீரும் அங்கே ஓவியத்தின் உயர்ந்த பொருளாக மதிக்கப்பட்டன. ஐரோப்பாவிலோ, நிலக்காட்சி நன்கு விற்ற காலத்திலேயே அதற்கு மதிப்பு குறைவு. 1667-இல் பிரெஞ்சு அரச ஓவிய அகாதமியின் சார்பில் ஃபெலிபியன் என்ற எழுத்தாளர் எழுதிய தரவரிசையில் வரலாற்று ஓவியம் உச்சியிலும் நிலக்காட்சி வெகு கீழேயும் இருந்தன. 1817-இல் ரோம் பரிசில் (இளம் ஓவியர்களை ரோமில் பயில அனுப்பிய பிரெஞ்சுப் போட்டி) அதற்கு ஓரிடம் கிடைத்தபோதும், ‘வரலாற்று நிலக்காட்சி’ என்ற நிபந்தனையுடன்தான் கிடைத்தது. சந்தை ஏற்றதை அகாதமி ஏற்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

கலைமாணவி:
மூவருக்கும் நன்றி. இன்னும் ஓர் ஐயம்: ராய்ஸ்டால் போன்ற டச்சு நிலக்காட்சி ஓவியர்கள் நேரில் கண்ட இடத்தைத்தான் அப்படியே தீட்டினார்களா?

பழைய வாசகர்:
இல்லை அம்மா. வெளியில் கோட்டுச் சித்திரம் எடுத்துவந்து, பட்டறையில்தான் தீட்டினார்கள். ராய்ஸ்டாலின் ‘யூதக் கல்லறை’யைப் பாருங்கள்: கல்லறைகள் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகிலுள்ள அவுடெர்கெர்க்கில் உண்மையாகவே இருப்பவை, இடிந்த கட்டடமும் பாயும் ஓடையும் அவர் சேர்த்தவை. ஹார்லெம் நகரைத் தொலைவிலிருந்து காட்டும் படங்களிலும் வானம் படத்தின் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும்படி அடிவானத்தைக் கீழிறக்கியது அவருடைய தேர்வுதான்.