புதுப்பிப்பு: அப்பப்பாவின் நாதஸ்வரக் கசெட்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: பழைய கசெட்டைக் கணினிக்கு ஏற்றினால் அடியில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல், போனில் போட்டால் சத்தமும் காணாது. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்போ கேட்கக்கூடிய மாதிரி வந்துவிட்டது.

இரைச்சல் எங்கட கரண்டின்ர 50 ஹேர்ட்ஸ்தான். அதன் மடங்குகளான 100, 150இலும் நிற்கும் என்று ஒரு தம்பி சொன்னது சரி. ஓடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் படம்) போட்டதும் கோடு கோடாகத் தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நொட்ச் ஃபில்டரை ஒவ்வொன்றிலும் ஒடுக்கமாக வைத்தேன். 50இல் தயங்கவே வேண்டாம், நாதஸ்வரம் அவ்வளவு கீழே இறங்காது. 100இல் கவனம், அகலமாக வெட்டினால் தவிலின் தொப்பிப் பக்கம், அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், மெலிந்துவிடும்.

மிச்ச இரைச்சலைக் குறைக்கும் நொய்ஸ் ரிடக்ஷனை 6 டெசிபெலோடு நிறுத்தினேன். 12இல் தண்ணிக்குள் இருந்து ஊதுகிற மாதிரி இருந்தது. டேப்பின் 'ஸ்ஸ்' கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும், கசெட் தானே!

சத்தம் காணாததுக்கு லௌட்னஸ் நோர்மலைசேஷன் −16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு), பிறகு உச்சங்களை அடக்கும் லிமிட்டர் −1 டெசிபெல். இடையில் உச்சம் 0 டெசிபெலைத் தாண்டினாலும், ஓடாசிட்டி ஒலியை வைத்திருக்கும் 32 பிட் ஃப்ளோட் வடிவத்தில் வெட்டுப்படாது.

கேட்டுச் சரிபார்க்க ஸ்பீக்கரை நம்பவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில், அதுவும் காலி வீதிப் பக்க அறையில், பஸ் ஹோனுக்கு நடுவே எந்த இரைச்சல் யாருடையது என்றே தெரியாது. ஹெட்போன்தான்.

மூலத்தைத் தரம் குறையாத வேவ் கோப்பாக வைத்துக்கொண்டு, அத்தைக்கு எம்பி3 அனுப்பியாச்சு. கசெட்டின் மற்றப் பக்கத்தில் ஸ்பீட் ஏறி இறங்குது, சுருதியே ஆடுது. அதுக்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.