ஆயா 80 – செந்தூல் வீடு

*வியாழன், இரவு 9:12*

கவிதா: ஒரு கெட்ட செய்தி. ஆள் எல்லோரும் நலம். சூப்பர் ஃபாமிகாம் கேம் பெட்டியின் அடாப்டர் போய்விட்டது.

தினேஷ்: எப்படி??

கவிதா: ஞாயிற்றுக்கிழமை ஆயாவின் 80ஆம் பிறந்தநாள் விருந்துக்கு முன்னால் சோதித்துப் பார்க்கிறேன் என்று அகிலன் டிராவல் பிளக்கில் செருகி நேராகச் சுவரில் போட்டுவிட்டான். முதலில் உறுமல், அப்புறம் தீய்ந்த வாடை. இன்னும் தொட்டால் சுடுகிறது.

மேகலா அத்தை: எங்கள் வீட்டில் 12 வருஷம் பத்திரமாக இருந்தது.

தினேஷ்: ‘இரண்டு நாளில் தருகிறேன்’ என்று வாங்கிப் போன 12 வருஷம்தானே அத்தை 😄

லோகேஸ்: ஆரம்பித்தாயிற்று லா

ரவி சித்தப்பா: யாரும் வேறு எதையும் மாட்ட வேண்டாம். பொறுமையாகப் படியுங்கள். 1991இல் ஒசாகாவுக்குப் பயிற்சிக்குப் போனபோது நிப்பொன்பாஷியில் நான் வாங்கி வந்தது அது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் ஊரில் 230, 240. அந்த அடாப்டருக்குள் இருப்பது இரும்பில் கம்பி சுற்றிய சின்ன டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தால் இரும்பு தாங்காது, கம்பி கண்டபடி மின்சாரத்தை இழுத்துச் சூடேறி எரியும். அதற்காகத்தான் 240ஐ 100 ஆக்கும் ஸ்டெப் டவுன் பெட்டி ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். செங்கல் கனம். அது எங்கே?

சுந்தரி சித்தி: இதை எழுதுவதற்கு முன்னால் என்னிடம் 2 தடவை சொல்லிவிட்டார்.

பெரியம்மா: 🎤 0:41

தினேஷ்: கேட்காதவர்களுக்கு: கனமான சாம்பல் பெட்டியை அம்மா போன வருஷமே பழைய பேப்பர் வாங்க வரும் ‘பேப்பர் லாமா’ லோரியில் போட்டுவிட்டாராம். மிச்ச அரை நிமிஷம் புரட்டாசியைப் பற்றி.

மேகலா அத்தை: அண்ணன் இருந்திருந்தால் போட விட்டிருப்பாரா

மேகலா அத்தை: சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை.

சுந்தரி சித்தி: அப்படியானால் சாப்பாடு சைவமா?

லோகேஸ்: ஆயா கேட்டதே ஆட்டுக்கறிப் பெரட்டல் 😭

பெரியம்மா: 🎤 0:08

தினேஷ்: கறி இல்லை என்கிறார்.

ரவி சித்தப்பா: கவிதா, எரியும்போது அடாப்டரின் மறுமுனை கேம் பெட்டியில் மாட்டி இருந்ததா?

கவிதா: இல்லை சித்தப்பா. அடாப்டர் மட்டும்தான். பெட்டி மேசை மேல் இருந்தது.

ரவி சித்தப்பா: பையன் பிழைத்தான். பெட்டியும் பிழைத்தது.

கவிதா: எங்கள் வைஃபை அடாப்டர் அந்த ஓட்டையில் கச்சிதமாகப் போகிறது. 12 வோல்ட், 1 ஆம்பியர். சுவிட்சைப் போடவா?

*ரவி சித்தப்பாவிடமிருந்து தவறிய அழைப்பு (3)*

ரவி சித்தப்பா: வேண்டாம்!!! உருவு அதை!!!

கவிதா: உருவிவிட்டேன்

ரவி சித்தப்பா: ஓட்டையில் போகிறது என்பதால் பொருந்திவிடாது. எரிந்த அடாப்டரின் ஸ்டிக்கரைப் பார். எச்.வி.சி-002, டிசி 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர். பழைய ஃபாமிகாமுக்கும் இதே அடாப்டர்தான். பக்கத்தில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரை வட்டமும் இருக்கும். புள்ளியிலிருந்து போகும் கோடு கழித்தல் குறியில் முடியும். அதாவது உள்முனை மைனஸ், வெளி உறை பிளஸ். உன் வைஃபை அடாப்டரில் பார், தலைகீழாக இருக்கும்.

கவிதா: ஆமாம். புள்ளி பிளஸுக்குப் போகிறது 😳

லோகேஸ்: மாமா, என் கித்தார் பெடல் அடாப்டர்? 9 வோல்ட், உள்முனை மைனஸ்.

ரவி சித்தப்பா: எத்தனை மில்லி ஆம்பியர்?

லோகேஸ்: 1500. பஜனைக் குழுவில் 5 பெடல் ஓடுகிறது.

ரவி சித்தப்பா: அருமை! 9 போதும். பெட்டிக்குள் இருக்கும் ரெகுலேட்டர் எப்படியும் 5 வோல்ட்டுக்கு இறக்கிவிடும். மில்லி ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, பெட்டி தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். குறைவாக இருந்தால்தான் வம்பு. நம் ஊர் மின்சாரத்துக்கே செய்தது, ஸ்டெப் டவுனும் தேவையில்லை.

மேகலா அத்தை: பார்த்தீர்களா, கடைசியில் என் மகன்தான்.

லோகேஸ்: ஆனால் ஞாயிறு காலையில் பத்துமலையில் பஜனை. 2 மணிக்குத்தான் வருவேன்.

தினேஷ்: அதானே. நான் சனிக்கிழமை ஜாலான் பாசார் போய்ப் புதிதாகவே ஒன்று வாங்கி வருகிறேன்.

ரவி சித்தப்பா: சிரிம் தரச்சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா பார். முனை மாறக்கூடிய ‘எல்லாவற்றுக்கும் ஒன்று’ வகை வேண்டாம், திருப்பி மாட்டினால் முடிந்தது கதை. இல்லை, நானும் வருகிறேன். மீட்டர் எடுத்து வருகிறேன்.

சுந்தரி சித்தி: சனிக்கிழமை நீங்கள் கூடாரக்காரரைப் பார்க்க வேண்டும்.

ரவி சித்தப்பா: மாலையில் பார்க்கலாம்

தினேஷ்: இன்னொன்று. எங்கள் புது டிவியில் கேம் பெட்டியின் படக் கம்பியும் ஒலிக் கம்பியும் மாட்டும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டை இருக்கிறதா தெரியவில்லை.

லோகேஸ்: 🤦

மேகலா அத்தை: எங்கள் பழைய டிவியில் இருக்கிறது. ஆனால் விருந்து முடிந்தபின் பெட்டி யார் வீட்டுக்கு?

*9:58*

மேகலா அத்தை: ?

பெரியம்மா: 🎤 0:05

தினேஷ்: பாயாசத்துக்கு ஜவ்வரிசி யார் வாங்குவது என்று கேட்கிறார்.