தெருக் கேமரா பதிவை போலீஸ் கேட்டால் எப்படிக் கொடுப்பது?

கேள்வி (குடியிருப்போர் சங்கம், சென்னை):
தெருவைப் பார்த்து 2 மெகாபிக்சல் கேமரா நாலு, என்விஆர்ல (கேமரா பதிவைச் சேமிக்கிற பெட்டி) 1 டிபி ஹார்டுடிஸ்க். எதிரே செயின் பறிப்பு நடந்து 4 நாள் ஆச்சு. வாட்ஸ்அப்ல அனுப்பினா போதும்னு ஸ்டேஷன்ல சொல்றாங்க. போதுமா? என்விஆரையே கேட்டா?

டிஸ்க்ஃபுல்:
முதல்ல காப்பி எடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஹெச்.264 (வீடியோவைச் சுருக்குற முறை), 4 எம்பிபிஎஸ்னா (நொடிக்கு 4 மெகாபிட்) ஒரு கேமராவுக்கு நாளைக்கு 43 ஜிபி. நாலு கேமராவுக்கு 1 டிபி ஆறு நாள்கூட தாங்காது, பழசு மேலேயே எழுதிடும். ஹெச்.265, 2 எம்பிபிஎஸ்னா 11 நாள் வரும்.

என்விஆர் கடிகாரம் தப்பா ஓடினா திருத்தாதீங்க! செல்போன் நேரமும் என்விஆர் திரையும் ஒண்ணா தெரியுற மாதிரி போட்டோ எடுத்து, எத்தனை நிமிஷம் வித்தியாசம்னு எழுதி வைங்க. சம்பவத்துக்கு அரைமணி முன்னும் பின்னும், நாலு கேமராவும், என்விஆர் கம்பெனியோட சொந்த ஃபார்மேட்லயே, அதை ஓட்டுற பிளேயர் மென்பொருளோட எடுங்க. ரெண்டு பென்டிரைவ். திரையை செல்போன்ல படம்பிடிச்சுக் கொடுக்கிறது வேண்டாம்.

சாட்சிக்கூண்டு:
வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிடும். ஆளைத் தேட உதவும், கோர்ட்டுக்கு உதவாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புது சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழ் வேணும் (பழைய சாட்சியச் சட்டத்துல 65பி). அதுல 'அ' பகுதி கருவியைப் பொறுப்பில் வச்சிருக்கிறவர், 'ஆ' பகுதி நிபுணர். ரெண்டாவதை ஏற்பாடு பண்றது போலீஸ் பாடு. ஃபைலோட ஹேஷ் மதிப்பும் (ஃபைலுக்குக் கைரேகை மாதிரி ஒரு எண்) எழுதணும். எஸ்ஹெச்ஏ-256 முறையில போடுங்க, விண்டோஸ்ல செர்ட்யூட்டில் கட்டளையே கணக்கிட்டுத் தரும். ஹேஷ் எடுத்த பிறகு வெட்டினாலோ எம்பி4 ஆக்கினாலோ மதிப்பு மாறிடும்.

போலீஸ் கேட்கிறதை எழுத்துல வாங்குங்க, பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94வது பிரிவு. என்விஆரையே கைப்பற்றினா மகஜர் (கைப்பற்றினதை எழுதுற பத்திரம்) நகல் கேளுங்க. என்விஆர், ஹார்டுடிஸ்க் ரெண்டோட சீரியல் நம்பரும் அதுல இருக்கணும். கைப்பற்றுறதை வீடியோ எடுக்கணும்னு 105வது பிரிவு சொல்லுது.

ஐஆர்_லைட்:
பதிவு பத்திரமா இருந்தும் முகம் தெரியலைன்னா? அறிமுகமில்லாத ஆளை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேணும். 1920 பிக்சல் அகலத்துல தெருவை 15 மீட்டருக்கு விரிச்சா கிடைக்கிறது 128தான். கேட்டுக்கு நேரா ஒரு கேமராவை மட்டும் 7 மீட்டர் அகலத்துக்குச் சுருக்குங்க. ராத்திரி நம்பர் பிளேட் வெள்ளையா வெளுத்துப்போறது கேமராவோட ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சம் திருப்பி அடிக்கிறதால. ஷட்டரை 1/500 நொடியைவிட வேகமா வைங்க. மத்த காட்சி இருட்டாகும், அதனால நம்பர் பிளேட்டுக்குத் தனி கேமராதான் சரி.