பீக் டிஸ்ட்ரிக்ட் மூர்லேண்ட் நடையில் கண்ட உயிரினங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஷெஃபீல்டிலிருந்து:

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்டில் மரமில்லாத மேட்டு நிலமான மூர்லேண்ட் பார்க்க வேண்டுமா, ஆகஸ்டில் போ என்பார்கள். ஹெதர் என்ற குட்டைப் புதர் பூத்து மேடெல்லாம் ஊதாவாகக் கிடக்கும், படமும் அழகாக வரும், சரி. ஆனால் உயிரினங்களுக்காக நடப்பவர் என்றால் என் ஓட்டு ஏப்ரலுக்குத்தான். ஆகஸ்டுக்குள் கர்லூ பறவைகள் கிளம்பிப் போயிருக்கும். 12ஆம் தேதி கிரவுஸ் பறவை வேட்டையும் தொடங்கிவிடும். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே என்னத்தைப் பார்ப்பது?

கர்லூ குளிர்காலத்தைக் கடலோரச் சேற்றில் கழித்துவிட்டு மார்ச் வாக்கில் முட்டையிட மேலே வரும். நம் கோடியக்கரைக்கு வலசை வருகிற அதே இனம், கீழ்நோக்கி வளைந்த நீள அலகு. ஆனால் அங்கே அதன் பாட்டு கிடைக்காது. இங்கே மேலெழுந்து சிறகை விரித்து மிதந்தபடியே, மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்துக் குமிழியிடும் ஒரு கூவல். காற்று பலமாக அடித்தாலும் அது காதுக்கு வந்துவிடும்.

அதன் பின்னால் வட ஆப்பிரிக்காவிலிருந்து ரிங் ஊஸல் (ring ouzel) என்ற பறவை வரும். கருத்த உடம்பு, மார்பில் வெள்ளைப் பிறை. ஸ்டேனேஜ் என்ற பாறை முகட்டின் இடுக்குகளில் கூடு கட்டுவதால், அந்தப் பக்கம் ஏறாதீர்கள் என்று பாறையேறிகளுக்கு அறிவிப்பு வைப்பார்கள்.

நான் மறக்காதது எம்பரர் அந்துப்பூச்சி. நல்ல வெயில். ஹெதர் புதரில் சாம்பல் நிறப் பெண் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது, நான்கு இறக்கையிலும் கண் போன்ற வட்டம். அது விடும் வாசனை நமக்குத் தெரியாது, ஆணுக்கு வெகுதூரத்திலேயே தெரியும். நான் நிற்கும்போதே ஆரஞ்சுப் பின்னிறக்கையோடு ஓர் ஆண், காற்றை எதிர்த்து இடமும் வலமுமாக அலைந்து வந்து சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஆனால் அது வருவதற்குள் முதல் ஆண் முந்திக்கொண்டுவிட்டது!

மான்செஸ்டரிலிருந்து:

அண்ணா, ஏப்ரலை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குளிர்காலத்தை விட்டுவிட்டீர்களே. இங்கிலாந்தில் மலை முயல் இருப்பது இந்த மேடுகளில் மட்டும்தான். 19ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காக ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இப்போது நாம் கேமராவோடு அலைகிறோம்.

ஜனவரியில் பிளீக்லோ பக்கம் போனேன். பனி ஒரு பொட்டுகூட இல்லை, எங்கும் கறுத்த பீட் மண். அதில் வெள்ளை வெளேர் என்று ஒரு முயல். தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் காதை மடக்கிப் படுத்திருந்தது. பகல் குறையக் குறைய ரோமம் வெளுக்கத் தொடங்கிவிடும். பனி விழுந்ததா இல்லையா என்று அது காத்திருப்பதில்லை. பனி குறைந்துவரும் காலத்தில் அந்த வெள்ளைச் சட்டை அதற்கு எதிரியாகிவிடுகிறது. பார்க்க எனக்கு வசதி, முயலுக்கு ஆபத்து. பாவமாக இருந்தது. மார்ச்சில் போனால் பாதி பழுப்பும் பாதி வெள்ளையுமாக, ஒட்டுப்போட்ட கோலத்தில் பார்க்கலாம்.

ஷெஃபீல்டிலிருந்து:

அந்த ஒட்டுப்போட்ட முயலை நானும் பார்த்திருக்கிறேன் தம்பி, கிட்டே போகும்வரை நகரவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த மேடுகளில் நாயை 2 மீட்டர் கயிற்றுக்குள் வைத்திருக்க வேண்டும், அது சட்டம். கர்லூ, கிரவுஸ், கோல்டன் ப்ளோவர் எல்லாமே தரையில்தான் முட்டையிடுகின்றன. நாய் கடிக்கவே வேண்டாம், தாய்ப்பறவை எழுந்து போய் முட்டை குளிர்ந்தாலே போதும். கயிறில்லாமல் ஓடவிட்டுவிட்டு, ‘இவன் ஒன்றும் செய்யமாட்டான்’ என்று சிரிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

அப்புறம், அக்டோபரில் பிக் மூர் பக்கம் வாருங்கள். ரெட் டியர் இனத்து ஆண் மான்கள் துணைக்காகக் கத்திக்கொண்டு திரியும் பருவம். விடிந்தவுடன் போனால் நல்லது. பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள், பாதையை விட்டு இறங்கிக் கிட்டே மட்டும் போகாதீர்கள்.