சீனர்கள் பேசும் ஆங்கிலத்தில் "ஓப்பன்": உங்கள் அனுபவம் என்ன?

சீனாவில் உள்ள செங்டு நகரத்தில் நான்கு வருடம் இருந்தேன். வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் பேசப் பழக்கினேன். அங்கே என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஓப்பன் என்ற ஒரே ஒரு வினைச்சொல்.

முதல் வாரம் வகுப்பறை இருட்டிக்கொண்டு வந்தபோது ஒரு நர்ஸ் எழுந்து, "டீச்சர், ஐ ஓப்பன் தி லைட்" என்று சொல்லி சுவிட்சைப் போட்டார். டர்ன் ஆன் என்று திருத்தினேன். தலையாட்டினார். அரை மணி நேரத்தில் ஏசியையும் ஓப்பன் செய்தார். கிளம்பும்போது லைட்டை க்ளோஸ் செய்தார்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. திறப்பதற்கான சீனச் சொல் ஏறத்தாழ நம் "கை" மாதிரி ஒலிக்கும். அதன் பழைய எழுத்தில் ஒரு கதவும், தாழ்ப்பாளைத் தூக்கும் இரண்டு கைகளும் உண்டு. (ஒலிப் பொருத்தம் தற்செயல்தான், ஆனால் எனக்கு மறக்காமல் இருக்க உதவியது.) எளிமையாக்கிய இன்றைய எழுத்தில் கதவு இல்லை. சொல்லும் கதவை விட்டு வெகுதூரம் போய்விட்டது. லைட் போடுவது கை தெங். கார் ஓட்டுவது, மீட்டிங் நடத்துவது, டாக்டர் மருந்து எழுதித் தருவது, பூ பூப்பது எல்லாவற்றிலும் இதே "கை". கொதித்த தண்ணீர் கை ஷுவெய். ரயில் நிலையத்தில் வெந்நீர் பிடிக்கும் இடத்தில் இதைப் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது கை ஷின். மனம் திறந்தால் மகிழ்ச்சி.

நாமும் லைட்டைப் போடுகிறோம். சட்டை, டீ, கையெழுத்து, சண்டை, எதைத்தான் போடவில்லை? பள்ளியில் "புட் தி லைட்" என்று சொல்லித் திட்டு வாங்கியவள் நான். அதனால் அவர்கள் சொன்னபோது சிரிக்கத் தோன்றவில்லை. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பிழைத்தவர்களுக்கு ஆங்கிலம் ஏழெட்டுச் சொற்களை நீட்டுகிறது, அவ்வளவுதான்.

மூடியிருந்தது விலகினால் ஓப்பன், கரண்ட் பாய்ந்தால் டர்ன் ஆன் என்று சொல்லிக் கொடுத்தேன். உடனே ஒருவர், "அப்படியானால் ஃபைலை?" என்றார். நியாயமான கேள்வி. ஃபைலும் ஆப்பும் திரையில் புத்தகம் போல விரிகின்றன, அதனால் ஓப்பன் சரி. போனுக்கு மட்டும் டர்ன் ஆன். போனை ஓப்பன் செய்தேன் என்றால் ஸ்க்ரூ கழற்றிய மாதிரி ஆகிவிடும்.

இதைவிடக் கஷ்டம் "தி ஷாப் இஸ் ஓப்பன்ட்". க்ளோஸ்ட் சரி என்றால் ஓப்பன்ட் ஏன் தப்பு என்பார்கள். கடை திறந்திருக்கிறது என்ற நிலையைச் சொல்ல ஓப்பன். ஒன்பது மணிக்குத் திறந்தார்கள் என்ற செயலுக்குத்தான் ஓப்பன்ட். இது பிடிபட மாதக்கணக்கானது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு பதில்

அக்கா, எங்களுக்கு இதனால் அரை நாள் வேலை போச்சு. சீனாவிலிருந்து கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்கினோம். கூட வந்த தாளில், வேலைக்குப் பத்து நிமிடம் முன்னால் மெஷினை ஓப்பன் செய்யவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. பையன் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றான். ஒன்றும் நடக்கவில்லை. வீடியோ காலில் அந்த ஊர் இன்ஜினியரைக் கூப்பிட்டால் அவரும் "ஓப்பன், ஓப்பன்" என்கிறார். நாங்கள் பின்பக்கத் தகட்டையும் கழற்றினோம். கடைசியில் அவர் தன் பக்கத்தில் இருந்த மெஷினின் பச்சை பட்டனை அழுத்திக் காட்டினார். கரண்ட் இருக்கும்போது யாராவது உள்ளே கை வைத்திருந்தால்? இன்றும் நினைத்தால் பயமாக இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து

இங்கே ஓப்பன் தி லைட்டும் கேட்கலாம், "ஆன் தி ஃபேன்" என்றும் கேட்கலாம். ஆன், ஆஃப் இரண்டுமே வினைச்சொல் ஆகிவிட்டன. என் மகள் வீட்டில் அப்படித்தான் பேசுகிறாள், பரீட்சையில் மட்டும் டர்ன் ஆன் எழுதுகிறாள்.

திருப்பூர் தம்பிக்கு

மெஷினைப் போடுவது சீனத்தில் கை ஜி. அதைத்தான் அப்படியே ஓப்பன் என்று எழுதியிருக்கிறார்கள். இனி அந்த மாதிரித் தாளில் ஓப்பன் என்று இருந்தால், பக்கத்தில் ஸ்க்ரூ, மூடி, கதவு என்று ஏதாவது வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் பெரும்பாலும் பட்டன்தான். சந்தேகமாக இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, போட்டோ அனுப்பிக் கேளுங்கள்.