4 வயது மகன், 10 மாத மகள், கொச்சியிலிருந்து 3 இரவு கப்பல்: வாந்தி பயத்தில் ரத்து செய்யலாமா? உதவுங்கள்

தக்கலை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் கொச்சியிலிருந்து 3 இரவு சொகுசுக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். நடுவில் ஒரு பகல் லட்சத்தீவு. நான், வீட்டுக்காரர், 4 வயது மகன், 10 மாத மகள், மாமியார் என்று ஐந்து பேர்.

வீட்டுக்காரருக்குக் குவைத்தில் வேலை. மகள் பிறந்து 40 நாளில் திரும்பிப் போனவர், அதன் பிறகு அவளைப் போனில்தான் பார்க்கிறார். லீவு 3 வாரம். ஊரில் இருந்தால் கல்யாண வீடு, பேங்க், விருந்து என்றே நாள் போய்விடும், பிள்ளைகளோடு மட்டும் மூன்று நாள் இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டுப் போட்ட டிக்கெட் இது.

போன ஞாயிற்றுக்கிழமை மகனை விவேகானந்தர் பாறைக்குக் கூட்டிப் போனோம். வெயிலில் ஒன்றரை மணி நேரம் வரிசை. படகு கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே என் சேலையில் வாந்தி எடுத்துவிட்டான். பாறையில் இறங்கியதும் ஒன்றுமே நடக்காதது போல கண்ணாடிப் பாலத்தில் ஓடினான். திரும்பி வரும்போது மறுபடியும் வாந்தி. அன்றிலிருந்து மாமியார், "பத்து நிமிஷப் படகுக்கே இந்தப் பாடு, மூணு நாள் கடல்ல என்ன செய்யப் போற?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னும் 10 நாள் தாண்டினால் ரத்து செய்தாலும் பாதிப் பணம்தான் கிடைக்கும். மாத்திரை கொடுத்துக் கூட்டிப் போகலாமா? கைக்குழந்தைக்குச் சாப்பாடு எப்படி? ஏஜென்ட் கொடுத்திருப்பது மேல் தளத்தில், கப்பலின் முன்பக்கம், பால்கனி உள்ள அறை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

களியக்காவிளை வாசகர்:

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கப்பல் வேண்டாம் என்பது என் கருத்து. அவருக்குப் பிள்ளைகளோடு இருக்கத்தானே ஆசை? திற்பரப்பு, பேச்சிப்பாறை பக்கம் ஒரு வீடு எடுத்து மூன்று நாள் தங்குங்கள். அவசரம் என்றால் அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி.

குளச்சல் கடலோடி:

தங்கச்சி, நான் 18 வருடம் பயணிகள் கப்பலில் வேலை பார்த்தவன். ரத்து செய்யும் முன் இதைப் படியுங்கள்.

பாறைக்குப் போகும் படகையும் நீங்கள் ஏறப் போகும் கப்பலையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டாம். நம்ம கன்னியாகுமரி முனையில் அலை பல திசையில் இருந்து வந்து முட்டும். சின்னப் படகு, டீசல் புகை, பக்கத்தில் ஆள் நெருக்கம். 4 வயதுப் பையன் பெஞ்சில் உட்கார்ந்தால் அவன் கண்ணுக்கு முன்னால் நிற்பவர்களின் இடுப்புதான் தெரியும், கடல் தெரியாது. உடம்பு ஆடுவது காதுக்குள் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த முரண்பாடுதான் வாந்தியாக வருகிறது. வெயிலில் காய்ந்த வயிறும் சேர்ந்துகொண்டது.

பெரிய கப்பலில் ஸ்டெபிலைசர் உண்டு. தண்ணீருக்கு அடியில் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீட்டி, பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு குறைத்துவிடும். ஆனால் கப்பலின் மூக்கு ஏறி இறங்கும் ஆட்டத்தை அது அவ்வளவாகத் தடுக்காது. நீங்கள் சொன்ன அறை அந்த மூக்கிலேயே இருக்கிறது, அதுவும் மேல் தளம். சீசா பலகையின் நுனியில் உட்காருவது போலத்தான். உடனே ஏஜென்டைக் கூப்பிட்டு, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில், ஜன்னல் உள்ள அறையாக மாற்றச் சொல்லுங்கள். பால்கனி போனால் விலையும் குறையும். ஓடியாடும் பையனுக்குப் பால்கனி இல்லாததே நல்லது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும் வயது அது.

தளப் படத்தை வாங்கிப் பாருங்கள். உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் அறைகளே இருக்க வேண்டும். மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியும் முன் நாற்காலி இழுக்கும் சத்தம், கீழே பாட்டுக் கச்சேரி அரங்கம் இருந்தால் நடுராத்திரி வரை அதிர்வு. குழந்தை தூங்காது.

மாதம் நல்ல மாதம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, அடிக்கும்போது என்றால் நானே வேண்டாம் என்றிருப்பேன். ஜனவரியில் அரபிக்கடல் பொதுவாக அடங்கித்தான் கிடக்கும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் வையுங்கள். லட்சத்தீவில் பெரிய கப்பல் கரை வரை போகாது, தீவைச் சுற்றி பவளப்பாறையும் ஆழமில்லாத தண்ணீரும். வெளியே நின்று சின்னப் படகில் இறக்குவார்கள். படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது மேலே வரும் நொடியில் பணியாளர் "இப்போ" என்பார், அப்போது காலை எடுத்து வைக்க வேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். நெஞ்சோடு கட்டும் பையில் போட்டு இரண்டு கையும் சும்மா இருக்கட்டும், இல்லை பணியாளர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் இறங்குங்கள். அலை கூடுதலாக இருந்தால் கேப்டன் யாரையும் இறக்கவே மாட்டார். தீவு கிடைக்காமலும் போகலாம் என்று பையனிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

மார்த்தாண்டம் நர்ஸ்:

மக்களே, மருந்து விஷயத்தில் கடைக்காரர் தருவதை வாங்கிக் கொடுக்க வேண்டாம். பயண வாந்திக்கு நம்ம ஊரில் சாதாரணமாகக் கேட்டு வாங்குவது ப்ரோமெதசின் வகை. 2 வயதுக்குக் கீழே அது கூடவே கூடாது, மூச்சு விடுவதையே மந்தமாக்கிவிடும். மகளுக்கு மருந்தே தேவைப்படாது. கைக்குழந்தைகளுக்குப் பயண வாந்தி வருவது அபூர்வம்.

மகனுக்கு உங்கள் குழந்தை மருத்துவரிடம் எடை பார்த்து அளவு எழுதி வாங்குங்கள். வாந்தி வந்த பிறகு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும், அவர் சொல்லும் நேரப்படி முன்பே கொடுக்க வேண்டும். சில பிள்ளைகளுக்குத் தூக்கத்துக்குப் பதில் துறுதுறுப்பு வரும். அதனால் வீட்டில் ஒரு நாள் கொடுத்துப் பார்க்கலாமா என்றும் அவரிடமே கேளுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஒரு ஸ்பூன், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு ஸ்பூன். தாகம் என்று டம்ளரோடு கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். மகளுக்குத் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் நிறுத்தவே வேண்டாம். 6 மணி நேரம் டயப்பர் நனையாமல் இருந்தால் கப்பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கப்பலில் வயிற்றுப்போக்கு ஒருவருக்கு வந்தால் வேகமாகப் பரவும். பெரும்பாலும் அதைக் கொண்டுவருவது நோரோ வைரஸ் என்ற கிருமி, அதற்குச் சானிடைசர் சரிவரக் கேட்காது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் வழி.

தக்கலை அம்மா:

நர்ஸ் அக்கா, மாமியார் இஞ்சிச் சாறும் தேனும் குழந்தைக்குக் கொடுக்கலாம், வசம்பு உரசி நாக்கில் வைக்கலாம் என்கிறார். சரியா?

மார்த்தாண்டம் நர்ஸ்:

ஒரு வயது முடியும் வரை தேன் ஒரு துளிகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தளர்த்திவிடும். வசம்பும் வாயில் வைக்க வேண்டாம். அத்தை மனம் நோகாமல், வசம்பைக் கையில் வளையலாகக் கட்டினாலும் வாயில் போடாமல் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மகனுக்குத் தேன் சேர்த்த இஞ்சி கொஞ்சம் கொடுக்கலாம்.

சுங்கான்கடை அம்மா:

போன வருடம் சிங்கப்பூரில் இருந்து 4 இரவு போனோம், பிள்ளைகளுக்கு அப்போது 5, 1. சாப்பாட்டில்தான் நான் திணறினேன். கப்பல் சாப்பாடு பெரியவர்களுக்குத் திருவிழா, குழந்தைக்கு அதில் பாதி காரம், பாதி சீஸ். கெட்டில், இண்டக்ஷன் எல்லாம் தீப்பிடிக்கும் என்று அறைக்குள் விடுவதில்லை, வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நான் ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடியை வீட்டிலேயே வறுத்துக்கொண்டு போனேன். காலையில் ரெஸ்டாரண்டில் நல்ல கொதிநீரை ஃபிளாஸ்கில் வாங்கி, அதில் கட்டியில்லாமல் கலக்கி, மூடி வைத்து, பத்து நிமிடம் கழித்து ஊட்டினேன். அவல் பொடிக்கும் அதுவே போதும். ராகி பச்சை மாவு மட்டும் வேண்டாம், அடுப்பில் வேகாமல் வயிற்றுக்கு ஆகாது. வெளிச் சாப்பாட்டுக்குத் தடை இருந்தாலும் குழந்தை உணவுக்கு விலக்கு தருவார்கள், அதை மெயிலில் எழுதி வாங்கிக் கையில் வையுங்கள்.

நீச்சல்குளம் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. டயப்பர் போடும் குழந்தையைக் குளத்தில் இறக்க விடமாட்டார்கள், நீச்சல் டயப்பர் போட்டாலும் இல்லை. விளையாட்டு அறையும் பெரும்பாலும் 3 வயதுக்கு மேல், தானாக டாய்லெட் போகத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான். காற்றடிக்கும் சின்னத் தொட்டி ஒன்று கொண்டு போங்கள். குளியலறையில் ஷவர்தான் இருக்கும், அதற்கடியில் தொட்டியை வைத்தால் குழந்தைக்கு அதுவே குளம்.

தொட்டில் கட்டில் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். அகலமான தள்ளுவண்டி அறைக் கதவில் நுழையாது, மடக்கிக் குடை மாதிரி ஆகும் வண்டிதான் சரி.

திங்கள்நகர் இ-சேவை:

சகோதரி, உள்நாட்டுப் பயணம் என்பதால் பாஸ்போர்ட் தேவையில்லை, ஆனால் எல்லோருக்கும் அடையாளம் வேண்டும். லட்சத்தீவில் இறங்க அனுமதிச் சீட்டும் வேண்டும், அதைக் கப்பல்காரர்களே எடுப்பார்களா என்று கேளுங்கள். மகளுக்கு நீல ஆதார் இல்லையென்றால் நாளைக்கே விண்ணப்பியுங்கள். 5 வயதுக்குள் கைரேகை கிடையாது, பிறப்புச் சான்றிதழும் பெற்றோரில் ஒருவர் ஆதாரும் போதும். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பதிந்தபோது பெயர் வைக்காமல் விட்டு, பிறகு சேர்க்க மறந்த வீடுகள் நம்ம பக்கம் நிறைய.

தக்கலை அம்மா:

பார்த்தேன், பெயர் ஏறவில்லை! இன்றைக்கே பிறப்பைப் பதிந்த அலுவலகத்துக்குப் போகிறேன். அறையும் மாற்றிவிட்டேன், நடுவில், மூன்றாம் தளம், வட்ட ஜன்னல். ரத்து செய்யவில்லை.

தக்கலை அம்மா (போய் வந்த பிறகு):

எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன், நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

முந்தின நாளே ரயிலில் எர்ணாகுளம் போய்த் தங்கிவிட்டோம். அன்றைக்கே நாகர்கோவிலில் இருந்து கிளம்பி நேராகக் கப்பல் ஏறியிருந்தால் பிள்ளைகள் துவண்டிருப்பார்கள். வில்லிங்டன் தீவு முனையத்தில் ஏத்தங்காய்ப் பொடியை விட்டார்கள், மெயிலைக் காட்டினேன். மட்டிப்பழச் சீப்பை மட்டும் வெளியே வைக்கச் சொன்னார்கள். குழந்தை ஆசையாகச் சாப்பிடுவது அது, எனக்கு மனசே இல்லை. மாமியார் அங்கேயே ஒரு பழத்தை உரித்து மசித்து ஊட்டிவிட்டு, மீதியை டாக்ஸிக்காரர் கையில் கொடுத்தார்.

கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி. மகனுக்குச் சின்ன உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்று கேட்டேன், அளவு பார்த்துக் கொடுத்தார்கள். அதைக் கழற்ற மாட்டேன் என்று அழுததுதான் முதல் நாள் பெரிய பிரச்சினை.

வாந்தி ஒரே ஒரு தடவை. முதல் ராத்திரி ஐஸ்கிரீமை இரண்டு கிண்ணம் சாப்பிட்டான், மருத்துவர் சொன்ன மருந்து கொடுத்திருந்தும் வந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் கடலோடி அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து, திறந்த தளத்துக்குக் கூட்டிப் போய்த் தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டையே பார்க்கச் சொன்னோம். வெறும் பிஸ்கட், இஞ்சி. அப்புறம் தொந்தரவே இல்லை.

தீவில் இறக்கும்போது அலை கொஞ்சம் எழும்பித்தான் இருந்தது. கதவருகே நின்று பார்த்தேன். படகு ஒரு நொடி நம் காலடியில் இருக்கிறது, அடுத்த நொடி ஓர் ஆள் உயரம் கீழே போய்விடுகிறது. குழந்தையோடு இறங்க எனக்குத் துணிவு வரவில்லை. வீட்டுக்காரர், "நீ அவனைக் கூட்டிட்டுப் போ, நான் பாப்பாகூட இருக்கேன்" என்றார். மாமியாரும் இருந்துவிட்டார். பணியாளர் இருவர் மகனை அக்குளில் பிடித்துத் தூக்கி இறக்கினார்கள். தண்ணீர் கண்ணாடி போல, முழங்கால் ஆழத்தில் நின்றால் கால் விரல் தெரிகிறது. கடற்கரையில் மூன்று மணி நேரம் இருந்தோம்.

திரும்பி வந்தபோது அறையில் விளக்கு அணைந்திருந்தது. பாப்பா அவர் நெஞ்சில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவர் தாடியைப் பார்த்து வீறிட்டவள். எழுந்துவிடுவாளோ என்று இரண்டு மணி நேரமாக அசையாமல் படுத்திருக்கிறார், கை மரத்துப் போயிருந்தது. எடுக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

குளச்சல் கடலோடி:

சந்தோஷம் தங்கச்சி. அலையைப் பார்த்து இறங்காமல் நின்றது நல்ல முடிவு.

அருமனை வாசகர்:

எங்களுக்கும் 1 வயதுக் குழந்தை, பிப்ரவரியில் போகிறோம். உள்ளே ஜன்னலே இல்லாத அறைதான் கிடைத்திருக்கிறது. பரவாயில்லையா?

தக்கலை அம்மா:

எங்கள் எதிர் அறைக்காரர்களுக்கு அப்படித்தான். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, விடிந்ததே தெரியாமல் குழந்தை நேரம் மாறி எழுந்து அழுதது. சின்ன இரவு விளக்கு ஒன்று, பேட்டரியில் எரிவது, எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலின் நடுவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.